இரவல் கதைகளும் சொந்தக் கட்டைகளும்

டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் 1932-ஆம் ஆண்டு ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934-இல் தம் பட்டறைக்கு அவர் சூட்டிய பெயர்தான் லெகோ. அந்தப் பட்டறை இன்று உலகின் மிகப்பெரிய பொம்மை நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. 2024-இல் அதன் வருவாய் 7,430 கோடி டேனிஷ் க்ரோனர்.

லெகோ பெட்டிகள் அடுக்கப்பட்ட ஒரு கடை அலமாரியைக் கூர்ந்து நோக்கினால் இரண்டு வகைகள் புலப்படும். தீயணைப்பு நிலையம், காவல் வாகனம், ரயில் போன்றவை ஒரு வகை; இவை அந்நிறுவனத்தின் சொந்தக் கற்பனை. ஸ்டார் வார்ஸ், ஹாரி பாட்டர், மார்வெல் நாயகர்கள் மற்றொரு வகை. இவை பிறருக்குச் சொந்தமான கதைகள். அவற்றைப் பயன்படுத்த, விற்பனையில் ஒரு பங்கை உரிமத்தொகையாக உரியவருக்குச் செலுத்த வேண்டும்.

சொந்தமாகக் கதை படைக்கும் ஆற்றல் உள்ள நிறுவனம் ஏன் பிறர் கதைக்கு வாடகை கொடுக்கிறது? வாடகைக் கதைகள் சொந்தக் கதைகளை வளர்க்கின்றனவா, விழுங்குகின்றனவா? பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இக்கேள்வி பொம்மைக் கடையோடு முடிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு தொழில் தன் அடையாளத்தை எதன்மீது கட்டுகிறது என்ற கேள்வி இது. ஒரு குழந்தையின் கற்பனை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

லெகோவின் உண்மையான மூலதனம் ஒரு சிறிய நெகிழிக் கட்டை. மேற்புறம் குமிழ்கள், உட்புறம் குழாய்கள் என்ற அமைப்பால் இரண்டு கட்டைகள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. விரும்பும்போது பிரிந்தும் விடுகின்றன. இந்த அமைப்புக்கான காப்புரிமை விண்ணப்பம் 1958 ஜனவரி 28 அன்று பதிவானது. அன்றைய கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்துகிறது. இதனால் புதிதாக வாங்கும் ஒவ்வொரு பெட்டியும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பெட்டிகளின் பயனைக் கூட்டுகிறது. பொருளியலில் இவற்றை நிரப்புப் பொருள்கள் என்போம். தாத்தாவின் கட்டை பேரனுக்குப் பயன்படும் தொழில்கள் உலகில் மிகச் சிலவே.

1978-இல் கைகால் அசையும் சிறு மனிதப் பொம்மை அறிமுகமானது. அதே ஆண்டில் நகரம், கோட்டை, விண்வெளி என்ற மூன்று வரிசைகளும் உருப்பெற்றன. 1989-இல் கடற்கொள்ளையர் வரிசை சேர்ந்தது. இவற்றையே பலரும் லெகோவின் செவ்வியல் வரிசைகள் என்கிறார்கள். 1978-இன் அந்தப் பொம்மைக்கு மஞ்சள் முகம், இரண்டு புள்ளிக் கண்கள், ஒரு புன்னகை, அவ்வளவுதான். எந்த இனத்தையும் குறிக்காத நிறம் அது. பெயரும் இல்லை, முன்கதையும் இல்லை. பெயரிடும் வேலையைக் குழந்தை செய்தது.

அக்காலம் முற்றிலும் இரவல் கலவாதது என்றும் சொல்ல முடியாது. லெகோ நகரத்தின் பெட்ரோல் நிலையங்களில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் சின்னம் பல பத்தாண்டுகள் இருந்தது. கிரீன்பீஸ் அமைப்பின் எதிர்ப்பு இயக்கத்துக்குப் பிறகே, 2014-இல், அந்தக் கூட்டைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. ஆயினும் அங்கே இரவலாக வந்தது சின்னம் மட்டுமே. கதை குழந்தையிடமே இருந்தது.

இந்த நிலையை மாற்றியது காப்புரிமையின் முடிவு. 1980-களின் இறுதிக்குள் முக்கிய நாடுகளில் கட்டையின் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. லெகோவோடு பொருந்தும் கட்டைகளைப் பிறரும் செய்யத் தொடங்கினர். கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாகக் கருத வேண்டும் என்று லெகோ வாதிட்டது. கனடா உச்சநீதிமன்றம் 2005-இலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2010-இலும் அந்த வாதத்தை ஏற்க மறுத்தன. தொழில்நுட்பப் பயனுள்ள வடிவத்துக்குக் காலவரையற்ற தனியுரிமை தர முடியாது என்பதே அத்தீர்ப்புகளின் சாரம்.

கட்டையை யாரும் செய்யலாம் என்றாகிவிட்ட பிறகு, யாரும் செய்ய முடியாத ஒன்று நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது. உரிமம் பெற்ற கதை அத்தகையது. காப்புரிமை தந்த தனியுரிமையின் இடத்தில் ஒப்பந்தம் தந்த தனியுரிமை வந்து அமர்ந்தது. கணினி விளையாட்டுகளின் போட்டி வேறு சேர்ந்துகொள்ள, 1998-இல் லெகோ தன் வரலாற்றில் முதன்முறையாக நட்டம் கண்டது. அடுத்த ஆண்டே ஸ்டார் வார்ஸ் வரிசை வெளிவந்தது.

அந்த முடிவு எளிதாக எடுக்கப்படவில்லை. இன்றைய போர்க்கருவிகளைப் பொம்மையாக்குவதில்லை என்ற கொள்கையை நெடுங்காலம் பேணிய நிறுவனம் அது. பெயரிலேயே 'போர்' உள்ள ஒரு திரைக்கதையை ஏற்பதற்கு உள்ளேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் வணிகத் தேவை வென்றது. விற்பனையும் நிறுவனத்தின் எதிர்பார்ப்பை விஞ்சியது. 2001-இல் ஹாரி பாட்டரும் வந்து சேர்ந்தார்.

வாடகை வீட்டில் வசதிகள் உண்டு. கதையை விளம்பரப்படுத்தும் செலவைத் திரைப்பட நிறுவனம் ஏற்கிறது. தேவை ஏற்கெனவே உருவாகியிருக்கிறது. உரிமத்தொகையும் பெரும்பாலும் விற்பனையை ஒட்டியே அமைவதால் இடர் குறைகிறது. ஆனால் வீட்டின் சாவி உரிமையாளரிடம் இருக்கிறது. அவருடைய நாட்காட்டியே வாடகைதாரரின் நாட்காட்டியும் ஆகிவிடுகிறது.

இதை லெகோ 2003-இல் அறிந்துகொண்டது. அக்காலத்தில் ஸ்டார் வார்ஸ் படங்கள் 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளிலும், ஹாரி பாட்டர் படங்கள் 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளிலும் வெளியாயின. 2003-இல் இரண்டுமே இல்லை. விற்பனை சரிந்தது, விற்காத பெட்டிகள் கடைகளில் தேங்கின. 2004-இல் நட்டம் ஏறத்தாழ 190 கோடி க்ரோனரைத் தொட்டது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை நம் பழமொழியில் மட்டும் நடப்பதில்லை.

எனினும், பழி முழுவதையும் இரவல் கதைகள்மீது சுமத்துவது நியாயமாகாது. அதே ஆண்டுகளில் லெகோ சொந்தமாக எடுத்த முயற்சிகளும் தோற்றன. 2002-இல் வந்த 'காலிடோர்' ஒரு தொலைக்காட்சித் தொடரோடு இணைந்த புதிய வரிசை. அதன் உருவங்கள் வழக்கமான கட்டைகளோடு பெரிதாக உறவு கொண்டாடவே இல்லை. கேளிக்கைப் பூங்காக்கள் மூலதனத்தை விழுங்கின. தனித்தனி உறுப்புகளின் எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. ஒவ்வொரு புதிய உறுப்புக்கும் விலையுயர்ந்த வார்ப்பச்சு தேவை. மறுபுறம், 2001-இல் தொடங்கிய 'பயோனிக்கிள்' என்ற சொந்தக் கதை அந்த நலிந்த ஆண்டுகளில் நிறுவனத்தைத் தாங்கிய தூண்களில் ஒன்றாக நின்றது. ஆகவே சொந்தமா, இரவலா என்பது மட்டும் வெற்றியைத் தீர்மானிக்கவில்லை.

2004-இல் தலைமைப் பொறுப்பேற்ற யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் எடுத்த நடவடிக்கைகள் இதை உறுதிசெய்கின்றன. பூங்காக்களின் பெரும்பங்கு 2005-இல் விற்கப்பட்டது. உறுப்புகளின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய நகர வரிசை 'சிட்டி' என்ற பெயரில் 2005-இல் புத்துயிர் பெற்றது. உரிமக் கதைகள் கைவிடப்படவில்லை. ஸ்டார் வார்ஸ் கால் நூற்றாண்டைக் கடந்தும் தொடர்கிறது. ஆனால் அவற்றின் இடம் மாறியது. சிட்டியும் டெக்னிக்கும் அன்றாடச் சோறு ஆயின. திரைக்கதைகள் திருவிழா விருந்தாயின. அண்மை ஆண்டுகளில் நிறுவனம் வெளியிடும் அதிக விற்பனைப் பட்டியல்களில் சிட்டி, டெக்னிக், ஸ்டார் வார்ஸ் ஆகியவை அருகருகே நிற்பதைக் காணலாம்.

மூன்றாவது ஒரு வழியும் வளர்ந்தது. 2011-இல் வந்த 'நிஞ்சாகோ' சில ஆண்டுகளில் முடித்துவிடும் எண்ணத்தோடு தொடங்கப்பட்ட சொந்தக் கதை. குழந்தைகள் அதை விடவில்லை, இன்றும் நீடிக்கிறது. அதற்குத் தொலைக்காட்சித் தொடரும் திரைப்படமும் உண்டு. அதன் பொம்மைகளுக்காக எந்தத் திரை நிறுவனத்துக்கும் உரிமத்தொகை தர வேண்டியதில்லை. வாடகைக்கு இருந்த காலத்தில் வீடு கட்டக் கற்றுக்கொண்டதன் பலன் இது.

இந்தக் கல்வி அவசியமானதும்கூட. 2009-இல் மார்வெலையும் 2012-இல் லூகாஸ்ஃபிலிமையும் டிஸ்னி நிறுவனம் வாங்கியபின், பல வீடுகளுக்கு ஒரே உரிமையாளர் என்ற நிலை உருவாகியிருக்கிறது. உரிமங்கள் ஓரிடத்திலேயே தங்குவதும் இல்லை. போகிமான் பொம்மைகள் பல ஆண்டுகள் போட்டியாளரான மெகாவிடம் இருந்தன. 2026 முதல் தான் வெளியிடப்போவதாக லெகோ 2025-இல் அறிவித்தது. இன்று இவர் பக்கம் வந்தது, நாளை வேறொருவர் பக்கம் போகாது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அப்படியானால் இந்த ஏற்பாட்டில் இழந்தது யார்? கோட்டையும் விண்வெளியும் கடற்கொள்ளையருமே என்பது என் கணிப்பு. கோட்டை என்ற பெயரில் குழந்தைகளுக்காக ஆண்டுதோறும் வந்த வரிசை 2013-க்குப் பிறகு தொடரவில்லை. கடையின் அலமாரி இடமும், வடிவமைப்பாளர்களின் நேரமும், பெற்றோரின் பணமும் வரையறைக்கு உட்பட்டவை. கோட்டை விரும்பும் குழந்தைக்கு ஹாரி பாட்டரின் ஹாக்வர்ட்ஸ் கோட்டை கிடைக்கிறது. விண்கலம் விரும்பும் குழந்தைக்கு ஸ்டார் வார்ஸ் கலம் கிடைக்கிறது. நெருங்கிய மாற்றுப் பொருளைத் திரையுலகம் தந்த இடங்களில் செவ்வியல் வரிசை தேய்ந்தது. தீயணைப்பு நிலையத்துக்கு அப்படிப்பட்ட திரைப் போட்டியாளர் இல்லை. எனவே சிட்டி செழித்தது.

தேய்ந்தவை திரும்பியும் வந்தன. ஆனால் வேறு வாசல் வழியாக. நிறுவனத்தின் தொண்ணூறாம் ஆண்டான 2022-இல் சிங்க வீரர்களின் கோட்டையும், 1979-இன் விண்கலத்தைப் புதுப்பித்த மாதிரியும் வெளியாயின. கோட்டையில் 4,500-க்கும் மேற்பட்ட உறுப்புகள். அமெரிக்காவில் விலை 400 டாலர். அது எட்டு வயதுச் சிறுவனுக்கான விலை அன்று. அவனுடைய தந்தையின் நினைவுகளுக்கான விலை. ஒரே பெட்டியில் மூன்று மாதிரிகள் கட்டத்தக்க எளிய இடைக்காலக் கோட்டை ஒன்று 2021-இல் வந்ததும், 2024-இல் சிட்டி உள்ளிட்ட பல வரிசைகளில் விண்வெளி தலைகாட்டியதும் ஆறுதலான விதிவிலக்குகள்.

குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால், மாற்றத்தின் அடையாளம் பொம்மையின் முகத்திலேயே பதிந்திருக்கிறது. திரை மாந்தருக்கு மஞ்சள் முகம் பொருந்தவில்லை. 2003, 2004 ஆண்டுகளில் உரிமம் பெற்ற பொம்மைகள் மனிதத் தோல் நிறத்துக்கு மாறின. அன்று முதல் லெகோ உலகில் இரண்டு குடிகள் வாழ்கின்றன. மஞ்சள் குடிக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை, யாராகவும் ஆகலாம். மற்றொரு குடிக்குப் பெயரும் உண்டு, கதையும் உண்டு, அக்கதையின் முடிவும் முன்பே தெரியும். பெட்டி திறக்கப்படும்போதே கதை முடிந்துவிட்டது என்று கல்வியாளர் சிலர் கவலைப்படுவதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் குழந்தைகள் நம் கவலைகளைவிடத் துணிச்சலானவர்கள். என் பேரன் விளக்கப் புத்தகத்தைப் பார்த்து ஒருமுறை சரியாகக் கட்டுவான். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் டார்த் வேடர் தீயணைப்பு வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார். வாடகைக் கதையின் கட்டையும் சொந்தக் கதையின் கட்டையும் ஒரே டப்பாவில் கலந்தபின் எந்த ஒப்பந்தமும் அங்கே செல்லுபடியாகாது. இந்தக் கலப்பைச் சாத்தியமாக்குவது 1958-இன் குமிழும் குழாயும்தான்.

எனவே இரவலும் சொந்தமும் ஒன்றாக வாழ மூன்று நிபந்தனைகள் தேவை என்பேன். எந்தக் கதை வந்தாலும் அது பொதுவான கட்டைக்குப் பணிய வேண்டும். காலிடோர் பணியவில்லை, பயன்படவில்லை. எந்த உரிமையாளரின் திரைப்படமும் வராத ஓராண்டை நிறுவனம் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவதாக, பெயரில்லாத வீரனும் விண்வெளிப் பயணியும் ஒரு குழந்தையின் சேமிப்புக்குள் அடங்கும் விலையில் என்றும் கடையில் கிடைக்க வேண்டும். முதல் இரண்டையும் சந்தை நிறுவனத்துக்குக் கற்பித்துவிட்டது. மூன்றாவதைச் சந்தை தானாகக் கற்பிக்காது. பெரியவர்களின் ஏக்கம் அதிக விலை தரும்வரை, கோட்டை அவர்கள் பக்கமே சாயும்.

அதைச் சரிசெய்வதில் வாங்குவோருக்கும் பங்கு உண்டு. திரை நாயகனின் பெட்டியைக் குழந்தை கேட்டால் மறுக்க வேண்டியதில்லை. அதனருகே பெயரில்லாத வெறும் கட்டைகள் கொண்ட பெட்டி ஒன்றையும் வாங்கிக் கொடுக்கலாம். பிறர் சொன்ன கதையிலிருந்து தன் கதைக்குக் குழந்தை நகர்வதற்கு அந்தக் கட்டைகள் தேவைப்படும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)