எழுபத்திரண்டு வந்த கணக்கு

என் தங்கை, அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளுள் ஒன்றான இந்திய இசை மேல்நிலைத் தேர்வுக்குப் படித்து வருகிறாள். ஒரு நாள் மாலை 72 மேளகர்த்தா இராகங்களை உருப்போட்டுக் கொண்டிருந்தவள், தடுமாறிப் புத்தகத்தை மூடிவிட்டாள். "கேள்வி ஞானம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இதெல்லாம் வருமாம், அண்ணா!" என்றாள்.

எங்கள் வீட்டில் பாட்டுப் படித்தவர் எவருமில்லை. கணிதம் பயிலும் நான் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். உள்ளே இருந்தது, பள்ளியில் நாம் படித்த சேர்வுக் கணக்குத்தான்!

ஏழு சுரங்களுக்கு 12 சுரத்தானங்கள் உண்டு. ஆர்மோனியத்தின் 12 கட்டைகளை நினைத்துக் கொள்ளுங்கள். 'ச', 'ப' இரண்டும் மாறுவதில்லை. 'ம' இரு வகை: சுத்த மத்தியமம், பிரதி மத்தியமம். 'ச'வுக்கும் சுத்த மத்தியமத்துக்கும் இடையே நான்கு கட்டைகள். அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்தால் தாழ்ந்தது 'ரி', உயர்ந்தது 'க'. நான்கில் இரண்டை எடுக்க ஆறு வழிகள். 'ப'வுக்கு மேலுள்ள நான்கிலும் 'த', 'நி' இரண்டுக்கும் அவ்வாறே ஆறு. ஆக, 2 × 6 × 6 = 72. பதினேழாம் நூற்றாண்டிலேயே வேங்கடமகி தம் 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் இதைக் கணித்துக் காட்டிவிட்டார்.

முதல் 36 மேளங்கள் சுத்த மத்தியமம். அடுத்த 36 பிரதி மத்தியமம். 'ரி', 'க' சேர்க்கை மாறாத ஆறு மேளங்கள் ஒரு சக்கரம்.

இராகத்தின் எண்ணை அதன் பெயரே சொல்லும். மேசகல்யாணியை எடுத்துக் கொள்வோம். கடபயாதி முறையில் 'மே' 5, 'ச' 6. திருப்பிப் போட்டால் 65. அதில் 36 போக மீதி 29. நான்கு சக்கரங்களுக்கு 24 போக, ஐந்தாம் சக்கரத்தில் ஐந்தாவது மேளம். எனவே 'ரி', 'க' ஐந்தாம் சேர்க்கை. 'த', 'நி'யும் ஐந்தாம் சேர்க்கை. அதாவது நான்கு கட்டைகளில் இரண்டாவதும் நான்காவதும். உருப்போட என்ன இருக்கிறது?

கணக்கு ஒருவரைப் பாடகராக்கிவிடாது என்பதை நான் அறிவேன். கமகமும் பாவமும் குருவிடம் கேட்டு, நாள்தோறும் பாடிப் பழகி வருபவை. ஆனால் இசை இலக்கணம் எந்த வீட்டுக்கும் உரிய சீதனமன்று. எண்ணத் தெரிந்தவர் எவரும் அதன் வாயிலில் நுழையலாம்.

மறுநாள் தங்கையிடம், "மாயாமாளவகௌளை?" என்று கேட்டேன். "மா 5, யா 1, திருப்பினால் 15. மூன்றாம் சக்கரத்தில் மூன்றாவது. ஒன்றாம் கட்டையும் நான்காம் கட்டையும்!" என்றாள். பிறகு, நான் கேட்காமலே அதைப் பாடியும் காட்டினாள்.