மருந்து ஒவ்வாமை: ஐயம் வேறு, உறுதி வேறு



“எனக்குப் பென்சிலின் ஆகாது” என்று மருத்துவரிடம் சொல்வோர் நம்மில் பலருண்டு. என்ன நேர்ந்தது என வினவினால், “சிறுவயதில் உடம்பெல்லாம் தடித்ததாம், உம்மா சொல்வார்கள்” என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். மருத்துவக் குறிப்பில் ஒருமுறை ஏறிய அச்சொல் ஆயுள் முழுதும் தொடர்கிறது.

1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பென்சிலினும், அதன் இனத்தைச் சேர்ந்த அமாக்சிசிலினும் இன்றும் பல நோய்களுக்கு முதன்மையான மருந்துகள். அமெரிக்காவில் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் இவை தமக்கு ஒவ்வாதென்கின்றனர். முறையாகச் சோதித்தால், அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு ஒவ்வாமை இல்லை! குழந்தைக்கு வைரஸ் காய்ச்சலால் எழுந்த தடிப்பு மருந்தின்மீது பழியாகியிருக்கும். உண்மையான ஒவ்வாமையும் பத்தாண்டுகளில் பெரும்பாலோரிடம் மறைந்துவிடுகிறது.

இல்லாததை இருப்பதாகக் கொள்வதால் கேடென்ன என்பீர்கள். ஏற்ற மருந்து விலக்கப்பட்டு, பலவகைக் கிருமிகளையும் ஒருசேரத் தாக்கும் மாற்று மருந்து தரப்படுகிறது. குடலிலுள்ள நன்மை தரும் கிருமிகள் அழிகின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன.

சோதனையின் முதற்படி விசாரணையே. எந்த மருந்து, எவ்வளவு நேரத்தில், என்ன நேர்ந்தது என்று மருத்துவர் கேட்டறிவார். பின்னர் முன்கையில் மருந்துத் துளியிட்டு இலேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடம் கவனிப்பர். தடிப்பு எழாவிடில், தோலுக்குள் சிறிதளவு செலுத்திப் பார்ப்பர். அதிலும் ஒன்றுமில்லையேல், மருந்தை உட்கொள்ளச் செய்து கண்காணிப்பர்; இதுவே முடிவைத் தருவது. ஆபத்துக் குறைந்தவர்களுக்கு, தோல் சோதனையின்றி நேரடியாகவே மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமென 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று காட்டியது.

ஆனால், எச்சரிக்கை! வீட்டில் தாமே மாத்திரையை விழுங்கிச் சோதிப்பது உயிருக்கே உலை வைக்கும். முன்பு மூச்சுத் திணறல், நாக்கு வீக்கம், மயக்கம் கண்டவர்களை, அட்ரினலின் ஊசி ஆயத்தமாயுள்ள மருத்துவமனையில் வல்லுநரே சோதிக்க வேண்டும். தோல் உரிந்து, வாய் புண்ணானவர்களுக்கு அம்மருந்தைக் கொடுத்துப் பார்க்கவே கூடாது.

முடிவு எதுவாயினும் எழுத்தில் பெற்றுப் பாதுகாத்திடுங்கள். ஒவ்வாமை உறுதியானால், அச்சீட்டே உங்கள் உயிர்க்காப்பு.

வந்த செய்தியைத் தீர விசாரித்தறிவது நம் மார்க்கம் கற்பிக்கும் ஒழுக்கம். நம் உடலைப் பற்றிய செய்திக்கும் அது பொருந்துமன்றோ? வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நிறைந்த உடல்நலத்தை நல்குவானாக! ஆமீன்.