எந்த மார்லின், எந்தக் கடல், எந்த இரை

மார்லின் என்ற பெயரில் நான்கு பெரிய மீன்கள் அடங்கும்: நீல மார்லின், கறுப்பு மார்லின், வரி மார்லின், வெள்ளை மார்லின். மேல்தாடை ஈட்டியாக நீண்டு நிற்பது நான்குக்கும் பொது அடையாளம். தமிழ்நாட்டுக் கரையில் மயில்மீன் என்று ஏலத்துக்கு வரும் மீனும் இதே குடும்பம்தான். நீல மார்லின் வெப்பமண்டலப் பெருங்கடல்கள் எல்லாவற்றிலும் உலவும். கரையை விட்டு விலகிய ஆழ்கடலே அதற்குப் பிடித்த இடம். கறுப்பு மார்லின் இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் உரியது. பவளத்திட்டு ஓரங்களையும் கண்டத்திட்டின் விளிம்பையும் நாடும். அதன் மார்புத் துடுப்பு உடலோடு ஒட்டி மடங்காமல் விறைத்து நிற்பதால், படகோரம் வந்தவுடன் அனுபவசாலிகள் அதை இனம் கண்டுகொள்வார்கள். வரி மார்லின் சற்றுக் குளிர்ந்த நீரை விரும்பும். 200 கிலோவைத் தாண்டுவது அரிது. அட்லாண்டிக்கில் மட்டும் வாழும் வெள்ளை மார்லின் இன்னும் சிறியது. 80 கிலோவைத் தொடுவதே அபூர்வம்.

பயணத் திட்டம் இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்க வேண்டும். ஊர், மாதம், இரை, நரம்பின் கனம் எல்லாம் அந்தத் தேர்விலிருந்தே பிறக்கின்றன. படகை முதலில் பேசிவிட்டு மீனைப் பிறகு யோசிப்பவர்கள், கடல் வெறுமையாகக் கிடக்கும் மாதத்தில் பெரும் பணத்தைச் செலவிட்டுத் திரும்புவது வழக்கம். இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். நீல, கறுப்பு மார்லின்களில் ஆண் மீன் 150 கிலோவைத் தாண்டுவது அரிது. ஆயிரம் பவுண்டு, அதாவது 454 கிலோவைக் கடக்கும் பெருமீன்கள் எல்லாமே பெண்கள். ஆகவே பெரிய மீனைத் தேடுகிறவர், பெரிய பெண் மீன்கள் எங்கே, எப்போது கூடுகின்றன என்பதைத்தான் தேடுகிறார்.

இதற்கு ஹவாய்த் தீவின் மேற்கில் உள்ள கோனா கடற்கரை நல்ல உதாரணம். மவுனா லோவா, ஹுவாலாலாய் எரிமலைகள் வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றைத் தடுத்துவிடுவதால், அவற்றின் மறைவில் கடல் பெரும்பாலான நாட்கள் அமைதியாக இருக்கும். தீவின் சரிவு செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குவதால் ஆயிரம் பாகம் ஆழம், அதாவது 1,800 மீட்டர், கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே வந்துவிடுகிறது. வேறு இடங்களில் பல மணி நேரம் ஓடிச் சேர வேண்டிய நீல மார்லின் நீர், இங்கே துறைமுகத்தின் வாசலிலேயே கிடைக்கிறது. ஆண்டு முழுவதும் நீல மார்லின் உண்டு. கோடை மாதங்களில் அதிகம். 1959 முதல் இங்கே சர்வதேசப் போட்டி நடந்துவருகிறது. பசிபிக் நீல மார்லினின் உலகச் சாதனையான 1,376 பவுண்டு மீன் 1982 மே 31 அன்று கோனாவில்தான் பிடிபட்டது.

அமைதியான கடல் ஒரு நுட்பத்தையும் வளர்த்தது. வேகமாக இழுக்கப்படும் செயற்கை இரை கோனாவில் முதிர்ந்த கலையாயிற்று. கோனாப் படகோட்டியான ஹென்றி சீ, கண்ணாடித் தம்ளர்களை அச்சாக வைத்துப் பிசின் வார்த்து இரைத் தலைகளைச் செய்தார். சாய்வாக வெட்டிய முகம் கொண்ட அந்த வடிவத்தின் வழிவந்த இரைகளே இன்று உலகெங்கும் மார்லின் படகுகளின் பின்னால் ஓடுகின்றன.

ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகருக்கு அப்பால் நிலைமை வேறு. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை கறுப்பு மார்லின் பெண் மீன்கள் முட்டையிடுவதற்காகப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வெளி விளிம்புக்கு வருகின்றன. கெய்ன்ஸிலிருந்து லிசர்ட் தீவு வரை, முக்கியமாக ரிப்பன் பவளத்திட்டுகளின் ஓரமாக, பெரிய கறுப்பு மார்லினைத் தேட இதற்கு இணையான இடம் உலகில் இல்லை. இந்தக் கடலின் பெயர் வெளியே பரவியது 1966-ல். ஜார்ஜ் பிரான்ஸ்ஃபோர்டு என்ற அமெரிக்கர் ஓட்டிய ‘சீ பேபி’ படகில் ரிச்சர்ட் ஓபாக் 1,064 பவுண்டு கறுப்பு மார்லினை 80 பவுண்டு நரம்பில் பிடித்தார். பவளத்திட்டின் வெளிச்சுவர் சட்டென்று ஆழத்தில் விழும் இடத்தை ஒட்டியே படகுகள் மெதுவாக ஓடுகின்றன. இங்கே செயற்கை இரையைவிட, முழு மீனைத் தைத்துக் கட்டிய இயற்கை இரையே ஆளுகிறது. ஒரு படகில் இரையாகப் போகும் சூரையோ வஞ்சிரமோ நம் சந்தைக்கு வந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். மீன்கள் பிற்பகலில்தான் நன்றாகக் கடிப்பதால் காலைப் பொழுது இரை பிடிப்பதிலும் தைப்பதிலும் கழியும். இரவில் படகுகள் திட்டின் உட்புறத்தில் நங்கூரமிடும். பல நாள் பயணத்துக்குத் தங்கும் வசதியுள்ள தாய்க் கப்பலும் கூடவே வரும். ஒரே பருவத்தில், ஒரே நீளத் திட்டில், இத்தனை பெரிய மீன்கள் கூடுவதால் செப்டம்பரிலேயே அடுத்த ஆண்டுக்கான நாட்கள் பதிவாகிவிடுவதும் உண்டு.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். மொரீஷியஸின் மேற்குக் கரையில், லே மோர்ன், பிளாக் ரிவர் பகுதியில், நவம்பர் முதல் மார்ச் வரை நீல மார்லின் பருவம். இங்கும் ஆழம் கரைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. நியூசிலாந்தின் வடகரையில் ஜனவரி முதல் மே வரை வரி மார்லின். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் ஆண்டின் இறுதி மாதங்களில் வரி மார்லின்கள் கூட்டமாகச் சேர்ந்து சாளை மந்தைகளை வளைத்து வேட்டையாடும். குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலில் விடும் நீள்தூண்டிலிலும் மார்லின் சிக்குவதுண்டு. அது பிழைப்புக்கான தொழில். இங்கே பேசப்படுவது விளையாட்டு மீன்பிடி. இரண்டின் கணக்கும் வேறு.

ஊரும் மாதமும் முடிவான பிறகு, அன்றன்றைக்கு எந்த நீரில் ஓடுவது என்ற கேள்வி வரும். மார்லின் தனியாகத் திரியும் மீன்; அதைத் தேடுவதைவிட அதன் உணவைத் தேடுவதே வழி. வரிச்சூரைக் கூட்டம், அதன் மேல் வட்டமிடும் பறவைகள், கோலா மீன்கள் தெறித்துப் பறப்பது, பச்சை நீரும் நீல நீரும் சந்திக்கும் கோடு, இரண்டு நீரோட்டங்கள் மோதுமிடத்தில் சேரும் கடற்பாசியும் மிதவைகளும் ஆகியவை நல்ல அறிகுறிகள். கடலடி மலைகளும் செங்குத்துச் சரிவுகளும் நீரோட்டத்தை மேலே தள்ளிச் சிறு உயிர்களைத் திரட்டுவதால் அவற்றைச் சுற்றி மீன் நிற்கும். செயற்கைக்கோள் தரும் மேற்பரப்பு வெப்பநிலை வரைபடம் இப்போது கைபேசியிலேயே கிடைக்கிறது. அதில் வெப்பம் சட்டென மாறும் எல்லைக்கோட்டைக் குறித்துக்கொண்டு, எதிரொலிக் கருவியால் இரைமீன் திரளைத் தேடுவது நல்ல முறை. ஆனால் நேற்று மீன் கண்ட இடத்தைக் கேட்டறிந்துகொண்டு அங்கே போகும் பழக்கம் எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல.

இனி நுட்பங்கள். செயற்கை இரையை மணிக்கு 7 முதல் 9 கடல் மைல் வேகத்தில் இழுப்பதன் பெரிய பலன், ஒரு நாளில் மிகுந்த பரப்பை அலசலாம் என்பது. மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாத முதல் நாளுக்கு இதுவே ஏற்றது. பொதுவாக நான்கு அல்லது ஐந்து இரைகளை வெவ்வேறு தூரங்களில் ஓடவிடுவார்கள். இரண்டு படகின் மூலைகளிலிருந்து அருகிலும், இரண்டு பக்கவாட்டுக் கழிகளிலிருந்து தள்ளியும், ஒன்று நடுவில் வெகு பின்னாலும் ஓடும். படகு எழுப்பும் ஒவ்வோர் அலையின் முன்முகத்திலும் இரை அமர வேண்டும். அலையின் முதுகில் கிடந்தால் மீனுக்குத் தெரியாது. நல்ல இரை சில நொடிகளுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கி, பின் மூழ்கி, நீண்ட குமிழிப் புகையை இழுத்துக்கொண்டு போகும். முகம் தட்டையாகவோ குழிந்தோ இருக்கும் கனத்த தலைகள் நீரைக் கலக்கி ஓசை எழுப்புவதால் படகுக்கு அருகில் பொருந்தும்; கூர்முனைத் தலைகள் நேராக ஓடும், காற்றடிக்கும் நாளுக்கும் பின்வரிசைக்கும் உகந்தவை. நிறத்தைப் பற்றி எவ்வளவோ வாதம் உண்டு. இரை ஓடும் விதம் சரியாக இருந்தால் நிறம் இரண்டாம்பட்சமே.

இதன் குறை, கடிக்கும் மீன்களில் ஒரு பெரும்பகுதி முள்ளில் தங்காமல் போவது. கனத்த பிசின் தலையை வாயில் உணர்ந்ததும் மீன் துப்பிவிடுகிறது. இயற்கை இரையில் உண்மையான சுவையும் மென்மையும் இருப்பதால் விடாமல் விழுங்க முயலும். அந்த இரையை மணிக்கு 4 முதல் 6 கடல் மைலுக்குள் ஓட்ட வேண்டும். ஒன்று நீர்மட்டத்தில் துள்ளும்படியும் மற்றொன்று உள்ளே நீந்தும்படியும் தைப்பது கெய்ன்ஸ் மரபு. தையல் சரியில்லாமல் இரை சுழன்றால் நரம்பும் முறுக்கிப் பாழாகும், மார்லினும் வராது.

மீன் இருக்கும் இடம் உறுதியாகத் தெரிந்துவிட்டால் உயிர் இரைக்கு மிஞ்சியது இல்லை. கோனாவில் மிதவைகளைச் சுற்றிப் பிடித்த சிறு சூரையின் கண்குழிக்கு முன்னுள்ள துவாரம் வழியாகக் கயிற்றைக் கோத்து, முள்ளைத் தலைமேல் கட்டி, நீந்தும் வேகத்திலேயே மெல்ல இழுக்கிறார்கள். முள் உடலில் பாயாததால் சூரை வெகுநேரம் உயிரோடு நீந்தும். இந்த வேகத்தில் பெரும்பரப்பை அலச முடியாது. மிதவை, கடல்மலை போன்ற குறித்த இடத்தில் சுற்றுவதற்கே இது.

நான்காவது முறை மிகுந்த ஒருங்கிணைப்பைக் கேட்பது. முள்ளில்லாத இரைகளைப் பின்னால் ஓடவிட்டு மீனை எழுப்பி, சீறிவரும் மீனுக்கு எட்டாதபடி அவற்றைப் படகை நோக்கி இழுத்து, அந்த நொடியில் அதன் அளவுக்குப் பொருத்தமான கோலிலிருந்து தைத்த இரையை முன்னால் போடுவார்கள். மீனின் அளவைக் கண்ணால் பார்த்த பிறகே கோலைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் மெல்லிய நரம்பில் பிடிக்க விரும்புவோர் இதை நாடுகிறார்கள். ஒத்திகை இல்லாத குழு இதை முயன்றால் மீன் போய்விடும்.

நரம்பு 30, 50, 80, 130 பவுண்டு என வகுக்கப்படுகிறது. வெள்ளை மார்லினுக்கும் வரி மார்லினுக்கும் 30 அல்லது 50 போதும். நடுத்தர நீல மார்லினுக்கு 80. கெய்ன்ஸின் பெரிய கறுப்பு மார்லினுக்கு 130-ஐக் குறைத்தல் கூடாது. மெல்லிய நரம்பில் பெருமீனைப் பல மணி நேரம் இழுப்பது வீரமாகப் பேசப்படுகிறது. உண்மையில் அது மீனைக் களைப்பால் கொல்லும் வழி, பாராட்டத்தக்கதல்ல. மீன் கடிக்கும்போது ரீலின் இறுக்கம் நரம்பின் வலிமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். அதைக் கையால் ஊகிக்காமல், துறைமுகத்திலேயே தராசில் இழுத்துப் பார்த்துச் சரிசெய்வது நல்லது.

இயற்கை இரைக்கு வட்ட முள்ளே தகும். அது தொண்டைக்குள் போனாலும் வெளியே வழுக்கி வாயின் மூலையில் பிடிப்பதால் மீனின் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் தப்பும். இதைப் பயன்படுத்தும்போது கோலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மீன் திரும்பி ஓடும் வேகத்திலேயே முள் பதியும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் நடக்கும் போட்டிகளில் இயற்கை இரையோடு வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2008 முதல் விதி.

படகை வாடகைக்குப் பேசும்போது தொகையைத் தவிர வேறு சிலவற்றையும் கேட்டாக வேண்டும். பிடித்த மீனை விடுவார்களா, கரைக்குக் கொண்டுவருவார்களா? ஹவாயில் பிடித்த மீன் படகுக்குச் சொந்தம் என்பது பழைய வழக்கம். விட்டுவிட விரும்புகிறவர் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். பலர் பங்கிட்டுக்கொள்ளும் பயணமானால், எந்தக் கடிக்கு யார் கோலைப் பிடிப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி ஒருவர் மட்டுமே கோலைத் தொடலாம். 1970-ல் ஹவாயின் ஓவாஹு தீவுக்கு அப்பால் பிடிபட்ட 1,805 பவுண்டு நீல மார்லின், கோலைப் பலர் கைமாற்றியதால் சாதனைப் பட்டியலில் சேரவில்லை. உயிர்காப்பு மிதவை, வானொலி, அவசர இடங்காட்டிக் கருவி ஆகியவை உள்ளனவா என்று பார்ப்பதில் தயக்கம் வேண்டாம். ஒரே நாளுக்குப் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஏமாற்றம் தரும். மூன்று நாளாவது வேண்டும். கடல் ஒவ்வாமை உள்ளவர்கள் மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு அல்ல, முந்தைய இரவே மருத்துவரின் ஆலோசனைப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்.

மீன் முள்ளில் சிக்கியதும் மற்ற நரம்புகளைச் சுருட்டிவிட்டு, படகைப் பின்னோக்கி ஓட்டி மீனைத் தொடர்வது படகோட்டியின் வேலை. பெரிய மீனில் பாதி வெற்றி அவர் கையில்தான். மீன் அருகே வந்ததும் முள்ளுக்கு முன்னாலுள்ள தடித்த நரம்பைக் கையுறையோடு பிடிப்பவரே அதிக ஆபத்தில் இருப்பவர். நரம்பைக் கையில் சுற்றும் முறையைக் கற்காதவர் அதைத் தொடக் கூடாது. அப்படிச் சிக்கிக் கடலுக்குள் இழுக்கப்பட்டு இறந்தவர்கள் உண்டு.

விடப்போகும் மீனைப் படகுக்குள் தூக்குவது தவறு. நீரின் தாங்கல் இல்லாமல் அதன் சொந்த எடையே உள்ளுறுப்புகளை நசுக்கும். தலை நீருக்குள் இருக்க, படகு மெதுவாக முன்னே நகர, செவுளில் நீர் ஓடும்படி பிடித்திருந்தால் சில நிமிடங்களில் நிறம் திரும்பி, வால் வலுவாக அசையத் தொடங்கும், அப்போது விடலாம். முள்ளை எடுக்க வெகுநேரம் ஆகுமென்றால் நரம்பை வாயருகே வெட்டிவிடுவதே மேல். நீல மார்லின் அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாகக் கருதப்படுவதால் பல போட்டிகளில் விடுவிப்புக்கே மதிப்பெண். 1986-ல் தொடங்கப்பட்ட பில்ஃபிஷ் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் விடப்படும் மீன்களுக்கு எண் பொறித்த அடையாள வில்லையைப் பொருத்த உதவுகின்றன. வில்லையை முதுகுத்தசையில், பக்கவாட்டுக் கோட்டுக்கு மேலே, தலையிலிருந்து விலகிய இடத்தில் குத்த வேண்டும். அட்டையில் வில்லை எண், தேதி, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, இனம், மதிப்பிட்ட எடை ஆகியவற்றை அன்றைக்கே எழுதி அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் டெலாவேர் கரைக்கு அப்பால் வில்லை பொருத்தி விடப்பட்ட ஒரு நீல மார்லின், சுமார் 14,900 கிலோமீட்டர் கடந்து மொரீஷியஸ் அருகே மீண்டும் பிடிபட்ட செய்தி இத்தகைய அட்டையால்தான் தெரியவந்தது.