வீட்டுத் தொட்டியிற் கடல்நீர்: உவர்ப்பை அளக்கும் முறை

கடல்நீர் கரிக்கும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று வினவினால், கடற்கரையிற் பிறந்து வளர்ந்தவர்களுள்ளும் பலர் விடை கூறத் தயங்குவர். திறந்த கடலில் ஒரு கிலோகிராம் நீரை எடுத்தால், அதிற் சராசரியாக 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்திருக்கும். கண்ணாடித் தொட்டியிற் கடலுயிர்களை வளர்ப்போருக்கு இது வெறும் எண் அன்று. அவ்வுயிர்களின் வாழ்வே இதனைப் பொறுத்தது.

கடல் மீனின் உடல்நீரில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. ஆகையால் அதன் உடலிலிருந்து நீர் ஓயாது வெளியேறுகிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய மீன் கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. உவர்ப்புச் சிறிது மாறினாலும் மீன் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். முருகைக்கல் உயிர்களுக்கும் நட்சத்திர மீன்களுக்கும் இவ்வாற்றல் இல்லை. அவற்றின் உடல்நீர், சூழ்ந்துள்ள நீரைப் போலவே மாறும். இலங்கைக் கடல்களிற் பிடிக்கப்படும் வண்ண மீன்கள் பிறநாட்டு இல்லங்களுக்கும் செல்கின்றன. அங்கே அவற்றின் நலம், வளர்ப்பவர் அளக்கும் அளவிலே தங்கியிருக்கிறது.

தொட்டி நீர் நாள்தோறும் ஆவியாகிறது. நீர் போகும்; உப்புப் போகாது. 100 இலீற்றர் நீரில் 5 இலீற்றர் ஆவியானால், ஆயிரத்துக்கு 35 ஆக இருந்த உவர்ப்பு 37ஐ அண்மிவிடும். அக்குறையை நன்னீரால் நிரப்ப வேண்டுமேயன்றி உப்புநீரால் நிரப்பலாகாது.

இனி, அளப்பது எவ்வாறு? சலஞ்சர் என்னும் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்தது. அது கொணர்ந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்னும் இரசாயன அறிஞர் பகுத்தாய்ந்து, 1884 இல் முடிவுகளை வெளியிட்டார். இடத்துக்கிடம் உப்பின் மொத்த அளவு வேறுபட்டாலும், முக்கியமான உப்புக்கூறுகள் தம்முள் கொண்டுள்ள விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை என்பது அவர் கண்ட உண்மை. ஆதலால் ஒவ்வோர் உப்பையும் பிரித்து நிறுக்க வேண்டியதில்லை. நீரின் அடர்த்தி, ஒளியை வளைக்கும் இயல்பு, மின்சாரத்தைக் கடத்தும் இயல்பு ஆகிய மூன்றில் ஒன்றை அளந்தாலே போதும்.

அடர்த்தியை அளப்பது நீரமானி. உப்புநீரில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். ஆனால் புது முட்டை கடல்நீரிலும் அமிழ்ந்துவிடும்; அதனை மிதக்கச் செய்ய இன்னும் பலமான உப்புக் கரைசல் வேண்டும். எனவே நுண்ணிய அளவுக்கு, கோடிட்ட கண்ணாடித் தண்டுடைய நீரமானியே ஏற்றது. தண்டில் உப்புப் படிந்திருந்தால் அளவு குறைவாகவும், காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கூடுதலாகவும் காட்டும். தண்டின் ஓரத்தில் நீர் சற்று மேலேறி நிற்கும். அவ்விடத்தை விடுத்து, நீர்ப்பரப்பின் சமமட்டத்திலேயே அளவைப் பார்த்தல் வேண்டும்.

இவற்றினும் பெரிய பிழை வெப்பநிலையால் நேர்வது. சில நீரமானிகள் 60 பாகை பரனைற்றுக்கென, அதாவது ஏறக்குறைய 15.6 பாகை செல்சியசுக்கெனக் கோடிடப்பட்டவை. அத்தகைய கருவியை 25 பாகை செல்சியசில் உள்ள நீரில் இட்டால், உண்மையான 35 ஏறக்குறைய 32 போலத் தோன்றும். அதை நம்பி ஒருவர் உப்பைச் சேர்த்தால், சரியாக இருந்த நீரைத் தம் கையாலேயே கெடுத்தவராவார். கருவியில் எழுதியுள்ள வெப்பநிலையை முதலிற் பாருங்கள்.

ஒளியை வளைக்கும் இயல்பை அளப்பது முறிவுமானி. அதற்கு ஒரு சில துளி நீர் போதும். துளியை இட்டு அரை நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் அது பூச்சியம் காட்டினால் கருவி சரியென்று பலர் அமைந்துவிடுவர். அது போதாது. இக்கருவிகளிற் பல, கடல்நீருக்கன்றி வெறும் கறியுப்புக் கரைசலுக்கென அளவிடப்பட்டவை. கடல்நீரில் கறியுப்போடு மகனீசியம், கல்சியம் முதலியவற்றின் உப்புகளும் உண்டு. ஆகவே பூச்சியத்தில் ஒத்துப்போகும் கருவி, 35 இல் ஒன்றரைப் பங்கு பிழை காட்டக்கூடும்.

இதற்குப் பரிகாரம் வீட்டிலேயே உண்டு. உலர்ந்த தூய கறியுப்பு 36.5 கிராமை, காய்ச்சி வடித்த நீர் 963.5 கிராமிற் கரையுங்கள். கிராமின் பத்திலொரு பங்கையும் காட்டும் தராசு இதற்கு வேண்டும். இக்கரைசல் ஒளியை வளைப்பதில் 35 உவர்ப்புள்ள கடல்நீரை ஒத்தது. அதன் துளியை இட்டு, கருவி 35 காட்டுமாறு திருகாணியைத் திருத்திவிடுங்கள். பின்னர் பூச்சியத்திற் சிறிது விலகினாலும் கவலையில்லை. நமக்கு வேண்டியது 35ஐ அடுத்த அளவே. மின்கடத்தலை அளக்கும் கருவிக்கு இக்கரைசல் பொருந்தாது. அதற்கு 25 பாகையில் 53 மில்லிசீமன்ஸ் காட்டும் நியமக் கரைசல் தனியே வேண்டும்.

கடலாய்வு அறிஞர்களும் தம் நுண்கருவிகளை நியமக் கடல்நீரோடு ஒப்பிட்ட பின்னரே நம்புகின்றனர். வீட்டில் வளர்ப்பவருக்கும் அதுவே நெறி. அளவில் வேறுபாடு கண்டால், முதலிற் கருவியைச் சோதியுங்கள். அதன் பின்னரே நீரைத் திருத்துங்கள். திருத்தும்போதும் ஒரே நாளிற் செய்துவிடாது, சில நாட்களிற் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். நீர் கெட்டதென்று முருகைக்கல்லும் மீனும் நம்மிடம் வந்து முறையிடமாட்டா. அவற்றுக்காகப் பேசுவது நம் கையிலுள்ள கருவி ஒன்றே. அது உண்மை பேசுகிறதா என்று பார்ப்பது நம் கடமை.