இருளர் இசை மரபும் பெண் பாடகர்களும்

இருளர் இசை என்பது கோயம்புத்தூர், நீலகிரி மலையடிவாரங்களிலும் அவற்றை ஒட்டிய கேரளத்தின் அட்டப்பாடியிலும் வாழும் இருளர் பழங்குடியினரின் பாட்டும் கொட்டும் ஆட்டமும் சேர்ந்த மரபாகும். பவானி ஆறு நீலகிரியில் தோன்றி, அட்டப்பாடிக்குள் சென்று, மீண்டும் கோவை மாவட்டத்துக்குள் நுழைகிறது. இந்தப் பாடல்களுக்கும் மாநில எல்லை அப்படித்தான். ஆனைகட்டியில் ஓடையைத் தாண்டினால் அந்தப் பக்கமும் அதே மொழிதான்.

இருள மொழி தமிழுக்கு மிக நெருங்கிய திராவிட மொழி. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் இம்மொழி குறித்து எழுதிய நூலின் முதல் பகுதி 1973-இல் வெளிவந்தது. இதற்கெனத் தனி எழுத்து இல்லாததால் பாடுபவரின் நினைவே ஏடு. ஆடு மாடு மேய்க்கும்போதும், ராகிக் காட்டிலும், குழந்தையை உறங்க வைக்கும்போதும், சாவு வீட்டிலும் பாட்டு உண்டு. தவில், பொறை, ஜால்ரா, கொகால் என்னும் ஊதுகுழல் ஆகியவற்றைப் பெரும்பாலும் ஆண்கள் இசைப்பர்; பாட்டிலும் வட்ட ஆட்டத்திலும் பெண்கள் சேர்ந்துகொள்வர்.

இம்மரபை வெளியுலகம் அறியச் செய்தவர் அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா. கால்நடை மேய்த்து வாழ்ந்தவர். பள்ளியிலோ இசை ஆசிரியரிடமோ பயிலாதவர். சச்சி இயக்கத்தில் 2020-இல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்துக்காக, ஜேக்ஸ் பிஜோய் இசையில் தம் மொழியிலேயே பாடினார். அதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவிடமிருந்து அதைப் பெற்றபோது அரங்கமே எழுந்து நின்றது.

விருது அறிவிக்கப்பட்டதும் ஒரு சர்ச்சையும் எழுந்தது. முறையாக இசை பயின்று, சுருதி பிசகாமல் பாடுவோர் பலர் இருக்க, இவருக்கு ஏன் என்று சிலர் கேட்டனர். இசைத் துறையினர் பலர் நஞ்சியம்மாவுக்கு ஆதரவாகப் பேசினர். கேள்வியே பொருந்தாதது எனலாம். மேடைப் பாடகர் சுருதிப் பெட்டியோடு இணைந்து பாடுகிறார். இவர்களோ கொகாலோடும் ஆடுவோரின் காலடியோடும் இணைந்து பாடுகிறார்கள். ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளக்க முடியாது.

உண்மையான சிக்கல் வேறு. பிள்ளைகள் தமிழிலோ மலையாளத்திலோ படிக்கிறார்கள். மேய்ச்சல் குறையக் குறைய மேய்ச்சல் பாட்டைப் பாடும் வேளையும் குறைகிறது. திரைப்படத்தில் வந்த பாட்டைக் கைபேசியில் கேட்டுச் சிறுவர்கள் பாடிவிடுவார்கள். படத்தில் வராத பாட்டுகளுக்கு அந்த வழியும் இல்லை.

கொங்குச் சமவெளியின் நிலை சற்று மாறுபட்டது. ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியை, கோவை மாவட்டக் கலைஞர் எம். பத்ரப்பன் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இப்போது கோயில் விழாக்களில் வள்ளி கும்மி ஆடுவோரில் பெண்களும் சிறுமியரும் ஏராளம். அங்கே ஆசிரியர் உண்டு, அரங்கேற்றமும் உண்டு. இருளர் பாட்டுக்கோ, பாட்டி பாடும்போது பேத்தி பக்கத்தில் இருந்து கேட்பது ஒன்றே பயிற்சி.