கொன்றாலும் குற்றம், வளர்த்தாலும் குற்றம்

1893 டிசம்பரில் லண்டனின் ஸ்ட்ராண்ட் மாத இதழைப் பிரித்த வாசகர்கள் அதில் ஷெர்லாக் ஹோம்ஸின் சாவைப் படித்தார்கள். சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் எதிரி மோரியார்ட்டியோடு அவரும் விழுந்துவிட்டார் என்று கதைசொல்லியான டாக்டர் வாட்சன் எழுதியிருந்தார். இருபதாயிரம் பேருக்கு மேல் சந்தாவை நிறுத்தினார்கள் என்று இன்றுவரை சொல்லப்படுகிறது. இளைஞர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு அலுவலகம் போனார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. கடிதங்கள் குவிந்தது மட்டும் உண்மை. ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலை மிருகம் என்று விளித்தே ஒரு பெண்மணி தன் கடிதத்தைத் தொடங்கியிருந்தார். டாயிலே இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்.

2025 செப்டம்பரில் அதே லண்டனின் இன்னொரு துப்பறிவாளர் எட்டாவது முறையாக வந்தார். ராபர்ட் கால்பிரெய்த் என்ற புனைபெயரில் ஜே.கே. ரௌலிங் எழுதும் கார்மரன் ஸ்ட்ரைக் தொடரின் புதிய நாவல், 'தி ஹால்மார்க்டு மேன்'. இங்கும் வாசகர்கள் இரண்டுபட்டார்கள். நூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம். தொள்ளாயிரம் பக்கம் எதற்கு என்றும், ஸ்ட்ரைக்கும் அவருடைய கூட்டாளி ராபினும் இன்னும் எத்தனை புத்தகத்துக்கு ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள் என்றும் கேட்டவர்கள் இன்னொரு பக்கம்.

இரண்டு தொடர்களுக்கும் உறவு உண்டு. வாட்சன் ஆப்கானிஸ்தானின் மைவாண்ட் போரில் குண்டடி பட்டு லண்டன் திரும்பிய ராணுவ மருத்துவர். நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து அதே ஆப்கானிஸ்தானில் ஒரு காலை இழந்து திரும்பியவர் ஸ்ட்ரைக். அங்கே முகவரி பேக்கர் தெரு, இங்கே டென்மார்க் தெரு. ஆனால் வாசகர் எதற்காகக் கோபப்படுகிறார் என்பது முற்றிலும் மாறிவிட்டது. அது ஏன் மாறியது என்பதற்கு விடை, கதைகள் வாசகர் கைக்கு வந்து சேரும் முறையில் இருக்கிறது.

ஸ்ட்ராண்ட் 1891 ஜனவரியில் தொடங்கியது. விலை ஆறு பென்ஸ். அன்றைய இதழ்கள் தொடர்கதையை நம்பியிருந்தன. ஒரு மாத இதழைத் தவறவிட்டவருக்குத் தொடர்கதையில் ஆர்வம் போய்விடும் என்பதை டாயில் கவனித்தார். நாயகன் ஒருவனே, ஆனால் ஒவ்வொரு மாதமும் முழுக்கதை என்ற ஏற்பாடு அவருக்குத் தோன்றியது. அந்த ஆண்டு ஜூலையில் முதல் ஹோம்ஸ் சிறுகதை வந்தது. ரயிலில் ஏறி உட்கார்ந்து, இறங்குவதற்குள் படித்து முடிக்கலாம். இந்த மாதக் கதை சுமாராக இருந்தால் அடுத்த மாதக் கதை ஈடுகட்டிவிடும். ஒரு கதையின் குறை தொடர் முழுவதையும் பாதிக்காத இந்த அமைப்பு, அன்றைய வாசகரின் பொறுமைக்கு ஒரு பெரிய காரணம்.

பொறுமை இழந்தவர் ஆசிரியர்தான். வரலாற்று நாவல்களால் பெயர் பெற விரும்பிய டாயில், முதல் ஆண்டிலேயே ஹோம்ஸைக் கொல்லும் எண்ணத்தைத் தன் தாய்க்கு எழுதினார். கூடாது என்று மறுத்த முதல் வாசகி அந்தத் தாய்தான். அதோடு நிற்காமல் ஒரு கதைக்கான கருவையும் கொடுத்து ஹோம்ஸின் ஆயுளை நீட்டினார். இரண்டு ஆண்டுகள்தான் தள்ளிப்போட முடிந்தது.

1901-ல் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' தொடராக வந்தபோது அது ஹோம்ஸ் இறப்பதற்கு முன் நடந்த கதை என்று வாசகர்கள் சமாதானம் செய்துகொண்டார்கள். 1903-ல், அருவியில் அவர் விழவே இல்லை என்று சொல்லி டாயில் ஆளையே திரும்பக் கொண்டுவந்தார். கொண்டாட்டத்துக்கு நடுவே முணுமுணுப்பும் எழுந்தது. கார்ன்வால் படகோட்டி ஒருவர் டாயிலிடமே சொன்னது பிரசித்தம்: மலையிலிருந்து விழுந்தபோது ஹோம்ஸ் சாகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை. தொடர் நாவல்களைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் இதற்கு மேல் கூர்மையான ஒன்றை நான் படித்ததில்லை. 1911-ல் எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் இதையே ஆராய்ச்சிக் கட்டுரையாக்கி, மீண்டு வந்த ஹோம்ஸையும் பழைய ஹோம்ஸையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

வாசகர்கள் சொன்ன குறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது சைக்கிள் சங்கதி. 'பிரையரி ஸ்கூல்' கதையில் சேற்றில் பதிந்த சக்கரத் தடத்தைப் பார்த்தே சைக்கிள் எந்தத் திசையில் போனது என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தின் மேல் விழுந்திருப்பதுதான் அவர் காட்டும் ஆதாரம். வண்டி எந்தப் பக்கம் போனாலும் அப்படித்தானே விழும் என்று கடிதங்கள் வந்தன. இரங்கி எழுதியவர்கள் உண்டு, சீறியவர்களும் உண்டு. டாயில் என்ன செய்தார் தெரியுமா? தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஓட்டிப் பார்த்தார். கடிதம் எழுதியவர்கள் சொன்னதே சரி. ஆனால் மேடு பள்ளமான நிலத்தில் ஏறும்போது தடம் ஆழமாகவும் இறங்கும்போது மேலாகவும் விழும், அதை வைத்துத் திசையைச் சொல்ல முடியும் என்பதையும் கண்டுகொண்டார். வாசகர்கள் சொன்ன குறை ஓர் எழுத்தாளரை வீட்டைவிட்டு வெளியே அழைத்துப்போய்ச் சோதனை செய்ய வைத்தது. குற்றம் கண்டவர்களும் கதையை நேசித்தவர்கள், கேட்டவரும் நேர்மையானவர்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். ஸ்ட்ரைக் நாவல் மாதம் ஒரு கதையாக வருவதில்லை. ஓரிரு ஆண்டு காத்திருக்கவேண்டும். பிறகு ஒரே நாளில் மொத்தமாக வந்து இறங்கும். 2013-ல் வந்த முதல் நாவல் 'தி குக்கூஸ் காலிங்' சாதாரண நாவல் அளவில்தான் இருந்தது. 2022-ல் வந்த ஆறாவது, 'தி இங்க் பிளாக் ஹார்ட்', ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. ஒலிப்புத்தகமாகக் கேட்டால் முப்பது மணி நேரத்துக்கு மேல். அன்று வாசகரை வாட்டியது பற்றாக்குறை. இன்று மிகுதி வாட்டுகிறது.

பக்க எண்ணிக்கையைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருக்கிறது. ஹோம்ஸும் வாட்சனும் எங்கே தொடங்கினார்களோ ஏறக்குறைய அங்கேயே இருந்தார்கள். ஸ்ட்ரைக்கும் ராபினும் நூலுக்கு நூல் மாறுகிறார்கள். தற்காலிகச் செயலாளராக வந்த ராபின் பங்குதாரராகிவிட்டார். மணந்தார், மணமுறிவு பெற்றார். கொலை ஒவ்வொரு நூலிலும் முடிந்துவிடுகிறது, காதல் முடிவதில்லை. ஆக ஒரே அட்டைக்குள் இரண்டு நாவல்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் வாசகர்கள் வேறுவேறு. கொலையாளியைத் தேடி வந்தவர் காதல் பக்கங்களைப் புரட்டித் தள்ளுகிறார். அந்த இருவருக்காக வந்தவர் சாட்சி விசாரணைகளைத் தாண்டிப் போகிறார். புது நூல் ஒவ்வொன்றும் பாதிப் பேருக்கு ஏமாற்றமாக அமைவது இதனால்தான்.

நீளம் எல்லா நூலிலும் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். 'ட்ரபிள்டு பிளட்' 1974-ல் காணாமல் போன ஒரு மருத்துவரை நாற்பது ஆண்டு கழித்துத் தேடும் கதை. சாட்சிகள் கிழடாகிவிட்டார்கள், நினைவுகள் மங்கிவிட்டன; அந்த விசாரணைக்கு ஓராண்டும் அத்தனை பக்கமும் தேவைப்படுகின்றன. தொடரின் சிறந்த நூல் அதுவே என்பது என் கணிப்பு. 'தி ஹால்மார்க்டு மேன்' அந்த உயரத்தை எட்டவில்லை. வெள்ளிப் பொருள் கடையின் பெட்டக அறையில் கிடக்கும் சிதைந்த உடல் யாருடையது என்ற கேள்வி அருமையான கேள்வி. ஆனால் அதற்கு விடையாக வரிசையில் நிற்கும் காணாமல் போன ஆண்களின் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ள வாசகர் தனியாகக் குறிப்பெடுக்கவேண்டியிருக்கிறது. வெட்டுவதற்குத் துணிந்த ஒரு பதிப்பாசிரியர் இருந்திருந்தால் நூல் மேலும் சிறந்திருக்கும்.

'தி இங்க் பிளாக் ஹார்ட்' வாசகர் கோபம் என்ற விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது. இணையத்தில் புகழ்பெற்ற ஒரு கார்ட்டூனைப் படைத்த பெண், அதன் தீவிர ரசிகர்களாலேயே ஆண்டுக்கணக்கில் துன்புறுத்தப்பட்டுக் கடைசியில் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் கொலையாகிறார். படைப்பு எங்களுடையது, அதைக் கெடுக்க உனக்கு உரிமை இல்லை என்று படைத்தவரிடமே சொல்லும் ரசிகர்களின் கதை அது. திருநர் பற்றிய ரௌலிங்கின் கருத்துகளை ஏற்காமல் தொடரையே கைவிட்டவர்கள் உண்டு. அது அவரவர் முடிவு. நூலின் வடிவம்தான் என்னைச் சோதித்தது. ரசிகர்களின் இணைய உரையாடல்களைப் பத்தி பத்தியாக, ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். கண்ணுக்கு அது தண்டனை. ஆனாலும் அந்தக் கூச்சல் எப்படி இருக்கும் என்பதை வேறெந்த நாவலும் எனக்கு இவ்வளவு உணர்த்தியதில்லை.

அன்றைய கடிதம் எழுதப்பட்டு, தபாலில் போய், ஆசிரியர் கையில் சேர நேரமாகும். எழுதும்போதே கோபம் கொஞ்சம் ஆறிவிடும்; மிஞ்சுவது சைக்கிள் தடம் போன்ற துல்லியமான குறை. இன்று நூல் வெளியான மறுநாளே நட்சத்திர மதிப்பெண் விழுகிறது. தொள்ளாயிரம் பக்க மர்மக் கதையில் விதைத்தவை எல்லாம் கடைசி நூறு பக்கத்தில்தான் முளைக்கும். நடுவழியில் கொடுக்கும் மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை.

ஸ்ட்ரைக்கை இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் எட்டாவதில் தொடங்காதீர்கள், முதல் நூலிலிருந்து வாருங்கள். ஏற்கெனவே கூட நடந்து வந்தவர்கள் குறை சொல்லத் தயங்கவேண்டாம். கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, எந்த இடத்தில் எது பிசகியது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ஒன்பதாவது நாவலை எழுதுகிறவருக்கு உதவப்போவது அதுதான்.