வலிப்பு நின்றால் கோபமும் நிற்குமா?

ஃபிட்ஸ் வரும் பிள்ளை கையில் அகப்பட்டதை வீசினால், தம்பியை அடித்தால், ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்’ என்று பெற்றோர் தலையில்தான் பழி விழும். இங்கிலாந்தின் வைட் தீவில் மைக்கேல் ரட்டர் குழுவினர் 1960களில் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, பொதுவாக நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் மனநலச் சிக்கல் இருந்தது. வலிப்புள்ள பிள்ளைகளிலோ நூற்றுக்கு 29 பேர்; மூளையில் பாதிப்பும் சேர்ந்திருந்தால் 58. இவ்வளவுக்கும் வளர்ப்பைக் குறை சொல்வது அநியாயம்.

சில நேரம் மாத்திரையே காரணமாக இருக்கும். லெவெடிரசிட்டாம் சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் மூர்க்கத்தையும் தரும். பெனோபார்பிட்டோன் ஓரிடத்தில் இருக்கவிடாது. மருந்து தொடங்கிய பிறகு குணம் மாறியதென்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாங்களாகவே நிறுத்துவது ஆபத்து. விடாத வலிப்பில் கொண்டுபோய் விடலாம்.

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு அடங்காவிட்டால், அறுவை சிகிச்சைக்கு வழியுண்டா என்று கேட்கும் நேரம் வந்துவிட்டது. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1952லேயே இந்த ஆபரேஷனைச் செய்திருக்கிறார். ஆனாலும் இன்றும் பல குடும்பங்கள் மூன்றாவது, நான்காவது மாத்திரை என்று ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றன.

டெல்லி எய்ம்ஸில் 116 சிறுவர்களிடம் நடந்த ஆய்வு 2017ல் வெளியானது. ஓராண்டு முடிவில், அறுவை செய்துகொண்டவர்களில் 77 சதவீதத்தினருக்கு வலிப்பு நின்றிருந்தது. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 7 சதவீதத்தினருக்கே. நடத்தையிலும் அறுவைக் குழுவே மேலாக இருந்தது. ஆனால் அறிவுத்திறன் அளவில் பெரிய வேறுபாடில்லை. அறுவை செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பாதிப்பும் நேர்ந்தது. பெரும்பாலும் ஒரு பக்கக் கைகால் பலவீனம்.

சராசரியை நம்பி மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. ஆட்டிசமோ, கவனக்குறைவோடு கூடிய மிகைத் துறுதுறுப்போ ஆபரேஷனால் மறைந்துவிடாது. மூளையின் பொட்டு மடலில் அறுவை செய்த பின் சிலருக்குப் புதிதாக மனச்சோர்வு, பதற்றம், ஆத்திரம் வருவதும் உண்டு. ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே குழந்தை மனநல மருத்துவரின் மதிப்பீட்டைக் கேட்டுப் பெறுங்கள். பின்னரும் தொடர்ந்து யார் பார்ப்பார்கள் என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.

இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. அதற்கு ஸ்கேன், இஇஜி அறிக்கைகள் வேண்டுமே! 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறைகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். நடத்தையைக் காட்டிப் பிள்ளையைப் பள்ளி வெளியேற்றக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரை இடம் தரவில்லை. மீறி வெளியேற்றினால், மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். ஆட்டிசம் அல்லது அறிவுத்திறன் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றிதழ் பெற்றால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி 18 வயதுவரை கல்வி இலவசம்.